மெத்தட் தேடலுக்கு ஒரு ஹார்டுவேர் கேஷ்: டாங் நானோ 9கே போர்டில் செய்யும் முறை

ஆப்ஜெக்ட் சார்ந்த மொழிக்கென்று ஹார்டுவேர் என்றதும் எல்லாவற்றையும் சிப்புக்குள் திணிக்கத் தோன்றும். 1981-இல் வந்த இன்டெல் ஐஏபிஎக்ஸ் 432 பிராசசர் அப்படிப் போய்த்தான் ஆமை வேகத்தில் ஓடியது. நெல்லை, பாளையங்கோட்டைப் பக்கம் இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதை எடுப்பவர்கள் மெத்தட் தேடலை, அதாவது ஒரு ஆப்ஜெக்டின் கிளாஸுக்கு ஏற்ற மெத்தட் எந்த முகவரியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைத்த விடையைக் கேஷ் என்ற சிறு நினைவகத்தில் வைத்தால் மறுபடி தேட வேண்டாம்.

தேவை ஒரு டாங் நானோ 9கே போர்டு (நாமே சர்க்யூட் அமைக்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சிப் கொண்டது), அதில் ஏற்ற பிகோஆர்வி32 என்ற சிறு ரிஸ்க்-ஃபைவ் பிராசசர் கோர். கோருக்குத் தெரியாத கட்டளைகளை நம் சர்க்யூட்டுக்கு அனுப்பும் பி.சி.பி.ஐ. இணைப்பை இயக்குங்கள். ரிஸ்க்-ஃபைவில் 0001011 என்ற ஆப்கோடு (கட்டளையின் வகையைச் சொல்லும் பிட்கள்) நம் சொந்தக் கட்டளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது.

கட்டளைகள் மூன்று. தேடலில் முதல் ரிஜிஸ்டர் கிளாஸ் எண், இரண்டாவது செலக்டர் எண் (மெத்தட் பெயருக்கான எண்), இரண்டும் 16 பிட். விடை மெத்தட் முகவரி, கிடைக்காவிட்டால் 0. கிடைக்காததை மென்பொருளில் தேடிக் கேஷில் எழுதும் நிரப்பலில் அந்த இரு எண்களும் சேர்ந்த 32 பிட் சாவி முதல் ரிஜிஸ்டரில், முகவரி இரண்டாவதில். கடைசியாகத் தவறிய சாவியை ஹார்டுவேரே நினைவில் வைக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். இடையில் இன்டரப்ட் வந்து வேறு மெத்தடைத் தேடினால் முகவரி தப்பான சாவியில் போய் உட்காரும். மூன்றாவது, அழித்தல்.

கேஷுக்கு 512 வரி, வரிக்கு 36 பிட் என இரண்டு பிளாக் ரேம் (சிப்புக்குள்ளேயே இருக்கும் நினைவகம்). ஒன்றில் சாவி, மற்றதில் முகவரி. சாவி போக மிஞ்சும் 4 பிட்டில் தலைமுறை எண் வையுங்கள், 0 என்றால் காலி. நடப்புத் தலைமுறையைத் தனி ரிஜிஸ்டரில் வைத்து, அதோடு பொருந்தும் வரியை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அழிக்க அந்த ரிஜிஸ்டரை ஒன்று கூட்டினால் போதும். 15 தாண்டும்போதுதான் 512 வரியையும் துடைக்க வேண்டும். அப்போது வெயிட் சிக்னலை உயர்த்தாவிட்டால் 16 சைக்கிளில் கோர் அதைச் செல்லாத கட்டளை என்று தள்ளிவிடும்.

ரீசெட் பட்டன் பிளாக் ரேமைத் துடைக்காது. தலைமுறை மட்டும் 1-க்குத் திரும்பும், பழைய வரிகள் உயிர்த்தெழும். துடைத்து முடியும்வரை கோரை ரீசெட்டிலேயே பிடித்து வையுங்கள். 27 மெகாஹெர்ட்ஸில் 19 மைக்ரோவினாடிதான்.

வரி எண்ணுக்குக் கிளாஸ் எண்ணையும் செலக்டர் எண்ணையும் வெறும் எக்ஸ்-ஆர் போடாதீர்கள். அணை கிளாஸ் 5, நீர்மட்டம் செலக்டர் 6. கால்வாய் கிளாஸ் 6, திறப்பு செலக்டர் 5 என்றால் இரண்டுமே 3-ஆம் வரியில் மோதும். கிளாஸ் எண்ணை 3 பிட் இடதுபக்கம் நகர்த்திவிட்டுப் போட்டால் 46, 53 என்று பிரியும்.

பிளாக் ரேம் விடையை அடுத்த சைக்கிளில்தான் தரும். அதே சைக்கிளில் ஒப்பிட்டால் முந்தைய தேடலின் வரியோடுதான் ஒப்பிடுவீர்கள். கேஷில் இருக்கும் மெத்தடே இல்லை என்று வரும்.

சோதனைக்கு ஒரே கிளாஸ் ஆப்ஜெக்டுகளை வரிசையில் வைத்தால் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கும், அது கணக்கில் சேராது. பாபநாசம் அணை, கன்னடியன் கால்வாய், நாலைந்து குளம் என்று கலந்து வைத்து எல்லாவற்றிடமும் நீர்மட்டம் கேளுங்கள். சைக்கிள் கவுண்டரை மென்பொருள் தேடலோடு ஒப்பிடுங்கள். பிகோஆர்வி32 ஒரு கட்டளைக்குச் சராசரியாக 4 சைக்கிள் எடுப்பதால் லாபம் பெரிதாகத் தெரியும். பல கட்டளைகளை ஒரே நேரத்தில் படிப்படியாக நகர்த்தும் பைப்லைன் கோரில், டாய்ச்சும் ஷிஃப்மனும் 1984-இல் காட்டிய இன்லைன் கேஷே (மெத்தடை அழைக்கும் இடத்திலேயே கடைசி விடையை வைத்துக்கொள்ளும் முறை) இந்த லாபத்தில் பெரும்பகுதியை மென்பொருளிலேயே தந்துவிடும். வைவாவில் கேட்கப்போவது அதைத்தான். அந்த அளவீட்டையும் எடுத்து வையுங்கள்.