கோதுமை பீர்: புதிதாக ருசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் வார இறுதிகளில் உள்ளூர்ச் சின்ன புரூவரிகளின் பீரை ஊற்றிக் கொடுத்து, ருசி பார்க்கச் சொல்லித் தருகிறேன். நம் இளைஞர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். ஒரு காலத்தில் எங்கள் வட்டம் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். மடக்கென்று குடிக்காதே, முதலில் முகர்ந்து பார் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். நான் மற்றதைச் சொல்கிறேன்.

கலங்கலைப் பார்த்துச் சந்தேகப்படுவது

கோதுமையின் புரதமும் வடிகட்டாமல் விட்ட ஈஸ்டும் சேர்ந்த கலங்கல் அது. கெட்டுப்போன அடையாளம் இல்லை. அடுத்த கேள்வி எப்போதும் இதுதான்: "வாழைப்பழ எசன்ஸ் ஊத்துறாங்களா அண்ணே?" ஒரு சொட்டுகூட இல்லை. ஜெர்மனியின் பவேரியப் பாணி ஈஸ்ட், பீர் நொதிக்கும்போது ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளை உண்டாக்குகிறது. பழுத்த வாழைப்பழத்தின் வாசனையிலும் அதுதான் இருக்கிறது. கூடவே எழும் கிராம்பு வாசனையும் ஈஸ்டின் வேலைதான்.

பெல்ஜியப் பாணி வேறு. அதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் நிஜமாகவே போடுகிறார்கள். ஹூகார்டன் என்ற ஊரில் வழக்கொழிந்திருந்த அந்தப் பாணியை 1966இல் பியர் செலிஸ் என்பவர் மீட்டெடுத்தார். ரசம் குடித்து வளர்ந்த நாக்கு அந்தக் கொத்தமல்லியை முதல் மிடறிலேயே பிடித்துவிடும். ஆனால் எந்தப் பாணி என்று லேபிளைப் பார்க்காமல், பெல்ஜிய பீரில் வாழைப்பழத்தைத் தேடி "சரியில்லை" என்று வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

காரின் பின்பெட்டியில் வெயிலில் விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

தீபாவளிக்கு முன்பு ஒரு தம்பி, எங்களிடம் ருசித்த கோதுமை பீரையே ஒரு பெட்டி வாங்கிப் போனார். லாகர் என்ற சாதாரணத் தெளிந்த பீரைவிடக் கணிசமாக வெள்ளி (ரிங்கிட்) செலவாகும் சரக்கு. பண்டிகை முடிந்து வந்தவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. "அண்ணே, ஈர அட்டையைச் சப்புன மாதிரி இருக்கு. அன்னைக்குக் குடிச்ச வாசனையே காணோம். புரூவரிக்காரன் பழைய சரக்கைத் தலையில கட்டிட்டான்."

எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "பிரிட்ஜுலதான்." வாங்கியதும் நேரே வீட்டுக்குத்தானே போனீர்கள்? இல்லை. காலையில் வாங்கி, கிள்ளானில் பெரியம்மா வீட்டுக்குப் போய், சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்து, இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்திருக்கிறார். அவ்வளவு நேரமும் கார் வெட்டவெளியில்.

நம் ஊர் வெயிலில் நிற்கும் காருக்குள் 50 டிகிரி தாண்டுவது சர்வசாதாரணம். பெரிய ஆலைகளின் லாகர் பெரும்பாலும் ஈஸ்டை வடிகட்டி, சூடாக்கிப் பதப்படுத்தி வருகிறது, கொஞ்சம் தாங்கும். சின்ன புரூவரியின் கோதுமை பீரில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. காலையில் இறக்கிய கள்ளைப் போல அதற்கும் நேரமும் சூடும்தான் எதிரி. வெப்பம் 10 டிகிரி ஏறினால் பீர் மூப்படையும் வேகம் ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்காகிறது. பிரிட்ஜின் 4 டிகிரிக்கும் அந்தப் பின்பெட்டிக்கும் உள்ள இடைவெளியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரக்கணக்கில் ஆக வேண்டிய வயது ஒரே பிற்பகலில் ஆகிவிடும். வாழைப்பழ வாசனை மங்கும், அட்டை வாடை ஏறும். ஈஸ்ட் செத்துக் கரைந்தால் சோயா சாஸ் போல ஒரு நெடியும் சேரும்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. குளிர்ந்த பீர் சூடாகி மறுபடி குளிர்ந்ததால் கெடவில்லை. எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதே கணக்கு. கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் அரை மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது. ஆனால் வெந்துபோன பீரை பிரிட்ஜில் எத்தனை நாள் வைத்தாலும் போன வாசனை திரும்பாது.

எனக்கு வலிப்பது பணம் போனது மட்டும் இல்லை. அந்தத் தம்பி அதற்குள் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் அந்த புரூவரியைத் திட்டி முடித்திருந்தார். நாலைந்து பேர் ராப்பகலாக உழைக்கும் இடம் அது. செய்யாத தவற்றுக்குக் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது.

ஐஸ் பெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். எல்லா வேலையையும் முடித்துவிட்டுக் கடைசியாக பீரை வாங்குங்கள். கேனின் அடியில் அடைத்த தேதி இருந்தால் பாருங்கள். கடையில் வெளி அலமாரியில் அடுக்கியிருந்தால், பிரிட்ஜில் இருப்பதைக் கேளுங்கள்.

ஐஸ் கட்டி

போடாதீர்கள்.

எலுமிச்சைத் துண்டு

நுரையைக் கொல்லும்.

பல் கூசும் குளிரில் குடிப்பது

அந்தக் குளிரில் வாசனை எழவே எழாது. 7, 8 டிகிரியில்தான் கிராம்பு தெரியவரும். நம் ஊரில் பிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் மேசையில் வைத்தால் போதும். உறையவைத்த குவளை வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத, உயரமான கண்ணாடிக் குவளை எடுங்கள்.

அடியில் தங்கியதை விட்டுவிடுவது

பவேரியப் பாணியில் கடைசி இரண்டு விரல் அளவு பீரை பாட்டிலிலேயே நிறுத்தி, மெல்லச் சுழற்றி, படிந்த ஈஸ்டைக் கிளப்பி ஊற்றுங்கள். ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது.

காரில் வந்து ருசிப்பது

மலேசியாவில் 2020 முதல் வண்டி ஓட்டுபவருக்கான சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் மூச்சுக்கு 22 மைக்ரோகிராம் ஆல்கஹால். கிராப் டாக்சி பிடியுங்கள்.

சம்பாலோடு தொடங்குவது

மிளகாய் எரியும் வாயில் வாழைப்பழமும் தெரியாது, கிராம்பும் தெரியாது. முதல் குவளையை வெறும் வாயில் ருசியுங்கள். பிறகு சாப்பிட வேண்டுமானால், காரம் குறைந்த மீன் பொரியலோ இறாலோ நன்றாகச் சேரும்; கோதுமை பீரின் துள்ளும் வாயு எண்ணெயை நாக்கிலிருந்து எடுத்துவிடும்.

கசப்பான ஐபிஏ வகை பீரை முடித்துவிட்டு கோதுமை பீருக்கு வருவது

பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவின் கசப்பு ஏறிய நாக்குக்கு இது வெறும் தண்ணீராகத் தெரியும். நாலைந்து பீரை ஒன்றாக ருசிக்கும் நாளில் கோதுமையை முதலில் கேளுங்கள்.