மாடிக்குப் போனால் காணாமல் போகும் லேப்டாப்

வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் கீழே கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டர், மாடியில் தம்பியின் லேப்டாப். நெட்வொர்க்கில் ஒன்றுக்கொன்று நன்றாகத் தெரியும், திடீரென்று தெரியாது. இன்டர்நெட் மட்டும் ஜோராக ஓடும். அதுதான் ஆளைக் குழப்பும்.

விண்டோஸில் நெட்வொர்க் பிரைவேட்டாக இருக்கிறதா, ஷேரிங் ஆனில் இருக்கிறதா என்று பார்த்தேன், எல்லாம் சரி. அப்புறம் காணாமல் போன நேரத்தில் இரண்டிலும் ஐபிகான்ஃபிக் (கம்ப்யூட்டரின் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் கட்டளை) அடித்தேன். கீழே 192.168.1.5. மாடியில் 192.168.0.103! மூன்றாவது எண் வேறு, அதாவது இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்கில். மேலிருந்து கீழே பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்ப்பது) போகிறது, கீழிருந்து மேலே போகவில்லை. பிடிபட்டது. கான்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபை ஏறாததால் மாடிக்கு இன்னொரு ரவுட்டர் வைத்திருந்தோம்; அது தனியாக ஒரு டிஹெச்சிபி (கருவிகளுக்கு முகவரி எண் கொடுக்கும் வேலை) நடத்திக்கொண்டிருந்தது. போதாததற்கு இரண்டு ரவுட்டருக்கும் வைஃபை பெயரும் ஒன்றே. லேப்டாப் எதைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப நெட்வொர்க் மாறிவிடும்.

மாடி ரவுட்டரில் டிஹெச்சிபியை அணைத்து, முகவரியை 192.168.1.2 ஆக்கினேன் (முதல் ரவுட்டர் பிறருக்குக் கொடுக்கும் எண்களில் இது வரக்கூடாது). கீழ் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் வான் போர்ட்டிலிருந்து (இன்டர்நெட் நுழையும் துளை) பிடுங்கி லான் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) செருகினேன்.

"அண்ணா, பிரிண்டரும் இப்போ தெரியுது" என்றான் தம்பி.

சில ரவுட்டர்களில் இதையெல்லாம் செய்ய ஆக்சஸ் பாயின்ட் மோடு என்றே இருக்கும். இருந்தால் அதைப் போடுங்கள், வேலை மிச்சம்.