பரு வரும் முகத்துக்கு வீட்டிலேயே ஒரு மென்மையான ஸ்க்ரப்

சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலந்து தேய்த்தால் பரு போய்விடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், தயவுசெய்து அதை முகத்தில் செய்து பார்க்க வேண்டாம். சர்க்கரைத் துகளின் முனைகள் கூரானவை, பருவின் மேல்தோலைக் கீறிவிடும். எலுமிச்சைச் சாறு நம் தோலைவிடப் பல மடங்கு அமிலத்தன்மை கொண்டது. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தீக்காயம் போன்ற தடிப்பும் கருமையும் வரலாம். சமையல் சோடா இதற்கு மறுபக்கம். ஆரோக்கியமான தோலின் பிஹெச் (அமில, கார அளவு; எண் குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) 5-ஐ ஒட்டி இருக்கும். சோடா 8-க்கு மேல். தோலின் பாதுகாப்புப் படலத்தை அது குலைத்துவிடும்.

பரு அழுக்கினால் வருவதில்லை. தோல் சுரக்கும் எண்ணெயும் உதிராத இறந்த செல்களும் சேர்ந்து துளையை அடைக்கின்றன. அதற்குள் பாக்டீரியா பெருகி வீக்கம் வருகிறது. ஸ்க்ரப்பால் ஆவது மேலே தளர்ந்து நிற்கும் செல்களை நீக்குவது மட்டும்தான். சொரசொரப்பு குறையும், முகம் மிருதுவாகும். உள்ளே வீங்கி நிற்கும் பருவை அது தொடக்கூட முடியாது, தேய்த்தால் இன்னும் சிவக்கும். மாநிறமும் கருமையுமான தோலில் அந்த எரிச்சல் பல மாதம் மறையாத கரும்புள்ளியாகவும் நின்றுவிடும். அதனால் பரு வரும் தோலுக்கு ஸ்க்ரப் செய்யும்போது நான் முதலில் பார்ப்பது துகள் எவ்வளவு மென்மையாக இருக்கிறது என்பதைத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சீழ் வைத்த பருக்கள் முகம் முழுக்க இருந்தால் இப்போதைக்கு ஸ்க்ரப் வேண்டாம். எக்சிமா (தோல் வறண்டு அரிக்கும் நோய்), ரோசேசியா (முகம் அடிக்கடி சிவக்கும் நோய்) உள்ளவர்களுக்கும் வேண்டாம். ட்ரெட்டினோயின், அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற பரு மருந்துகளைப் பூசுபவர்களும், ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். அந்த மருந்துகள் ஏற்கெனவே தோலை உலர்த்தி, எளிதில் எரிச்சல் அடையும் நிலையில் வைத்திருக்கும்.

தேவையானவை

சுவையோ இனிப்போ சேர்க்காத ஓட்ஸ், தேன், வெறும் தயிர். அவ்வளவுதான்.

ஓட்ஸைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அதிலுள்ள அவெனாந்த்ரமைடு என்ற பொருள் அரிப்பையும் சிவப்பையும் தணிக்கும். அதிலுள்ள பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். நன்றாகப் பொடித்த ஓட்ஸைத் தோலைக் காக்கும் பொருளாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003-ல் அங்கீகரித்திருக்கிறது. தேன் கலவையை வழுக்கலாக்கும், அதனால் விரல் தோலை இழுக்காது. தயிரில் கொஞ்சம் லாக்டிக் அமிலம் இருக்கிறது. பால் ஒவ்வாமை உள்ளவர்கள் தயிருக்குப் பதில் தண்ணீர் விடலாம். ஓட்ஸோ தேனோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தக் குறிப்பு சரிவராது.

தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். பரு வரும் முகத்தில் வேண்டாம், அது துளைகளை அடைக்கக்கூடியது. காபித்தூள், வால்நட் ஓட்டுப் பொடி இரண்டும் முகத்துக்கு முரடு.

படி 1: பொடித்தல்

இந்தப் படியில் அவசரப்படவே கூடாது. ஈரமில்லாத மிக்ஸியில் அரை கப் ஓட்ஸைப் போட்டு, விட்டு விட்டு அரையுங்கள். மாவு போல ஆனதும் சல்லடையிலோ மெல்லிய துணியிலோ சலித்து, மேலே நிற்கும் கப்பியை மறுபடி அரைத்துச் சலியுங்கள். அப்புறம் ஒரு சோதனை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் பொடியைக் கலக்குங்கள். தண்ணீர் பால் போல வெளுத்து, தொட்டால் வழுவழுப்பாக இருந்தால் பதம் சரி. துகள்கள் உடனே அடியில் போய்த் தங்கினால் இன்னொரு சுற்று அரைக்க வேண்டும்.

படி 2: கலத்தல்

சுத்தமான கிண்ணத்தில் 2 டீஸ்பூன் பொடி, 1 டீஸ்பூன் தேன், 1 டீஸ்பூன் தயிர். கலந்து 5 நிமிடம் விடுங்கள். ஓட்ஸ் ஈரத்தை உறிஞ்சி இளகும். இந்தக் காத்திருப்புதான் துகளை இன்னும் மிருதுவாக்குகிறது. கெட்டியாகிவிட்டால் சில சொட்டுத் தண்ணீர் விடலாம். முகத்திலிருந்து வழியாத அளவுக்கு இருந்தால் போதும்.

படி 3: சோதித்துப் பார்த்தல்

முதல் முறை நேராக முகத்துக்குப் போக வேண்டாம். முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவிச் சில நிமிடங்களில் கழுவிவிட்டு, 24 மணி நேரம் பாருங்கள். 48 மணி நேரம் பார்த்தால் இன்னும் நல்லது, சில ஒவ்வாமைகள் தாமதமாகத்தான் தெரியும். சிவப்போ அரிப்போ இருந்தால் இந்தக் கலவை உங்களுக்கானது அல்ல. முகத்துக்குப் போடும் நாளில் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள்.

படி 4: பயன்படுத்துதல்

இரவு நேரம் சிறந்தது. வழக்கமாகப் பயன்படுத்தும் மென்மையான கிளென்சரால் முகம் கழுவி, ஈரத்தைத் துடைக்காமல் கலவையை எடுங்கள். நடுவிரல், மோதிர விரல் நுனிகளால் சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தமே இல்லாமல் 30 விநாடி. மூக்கின் ஓரங்கள், நெற்றி, தாடை ஆகிய இடங்களில்தான் வேலை அதிகம். கண்ணைச் சுற்றிப் போகாதீர்கள். சிவந்த பரு இருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள், அதன் மேல் விரல் பட வேண்டாம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள், சூடான தண்ணீர் வேண்டாம். மென்மையான துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே துளை அடைக்காத மாய்ஸ்சரைசர் போடுங்கள். எண்ணெய்ப் பசை உள்ளவர்கள் இதைத் தவிர்க்க நினைப்பார்கள். தோல் வறண்டால் எரிச்சல் எளிதில் வரும், அதனால் போட்டே ஆகவேண்டும். மறுநாள் வெளியே கிளம்பும்போது சன்ஸ்க்ரீனும் அவசியம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

வாரத்துக்கு ஒரு முறை. எண்ணெய்ப் பசை மிகுந்த தோல் என்றால் அதிகபட்சம் இரண்டு.

மீந்த கலவையை ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த வாரம் எடுக்க வேண்டாம். ஈரமும் உணவுப் பொருளும் சேர்ந்த இடத்தில் கிருமி வளரும், இதில் அதைத் தடுக்கும் எதுவும் இல்லை. காய்ந்த பொடியை மட்டும் காற்றுப் புகாத பாட்டிலில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது கலந்துகொள்ளலாம். ஈர ஸ்பூனை உள்ளே விடாதீர்கள்.

மிருதுத்தன்மை அன்றே தெரியும். மற்ற மாற்றங்களுக்கு ஒரு மாதமாவது பொறுங்கள். தோலின் மேல் அடுக்கு புதுப்பிக்கப்படவே ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். நடுவில் எரிச்சலோ புதிய பருக்களோ கூடினால் உடனே நிறுத்திவிடுங்கள். தொட்டால் வலிக்கும் கட்டி போன்ற பருக்கள், தழும்பு விடும் பருக்கள் இருந்தால் ஸ்க்ரப்பில் நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். தழும்பைப் போக்குவதைவிட அது விழாமல் தடுப்பது சுலபம்.