தரையைப் பார்த்துப் பேசினால் பொய்யா? தீர்ப்பில் உள்ளுணர்வு செய்யும் தவறுகள்

பாம்பன் நாட்டுப்படகு மீனவர் ஒருவர் சாட்சிக் கூண்டில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விசைப்படகு வலையை அறுத்துவிட்டது, நஷ்டஈடு வேண்டும் என்பது வழக்கு. தரையைப் பார்த்தே பேசுகிறார். எத்தனை மணிக்கு என்று கேட்டால், "விடிவெள்ளி முளைக்கிற நேரம்" என்கிறார். ஆள் மழுப்புகிறார் என்று நீதிபதியின் மனசுக்குப் படுகிறது.

முதல் தவறு இது. சாட்சியின் நடத்தையைக் குறித்து வைக்க உரிமையியல் நடைமுறைச் சட்டமே (கட்டளை 18, விதி 12) இடம் கொடுக்கிறது, சரி. ஆனால் கறுப்பு அங்கிகளுக்கு நடுவே கூசுவதும் பொய் சொல்வதும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். விடிவெள்ளிக் கணக்கோ, கடலுக்குப் போகிறவருக்குக் கடிகாரம்.

இதைவிட ஆபத்தானது, வேறு ஊர்ப் பழக்கத்தை வைத்து இந்த ஊரை எடைபோடுவது. கச்சான் (தென்மேற்குக் காற்று) கடுமையாக அடித்த நாள் என்று மீனவரே ஒப்புக்கொள்கிறார். அப்புறம் எப்படிக் கடலுக்குப் போனார்? கொங்குப் பக்கமிருந்து மாறுதலாகி வந்த நீதிபதிக்கு இப்படித்தான் தோன்றும். கச்சானில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, குமுறும்போது வடகடலான பாக் விரிகுடாவில் மீன்பிடித் தொழில் நடக்கும். வாடை வந்தால் தலைகீழ். "எந்தக் கடல்?" என்று ஒரு கேள்வி போதும். அதைக் கேட்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு: பழைய சாட்சியச் சட்டத்தில் 165ஆம் பிரிவு, புதியதில் 168.

அதற்காக உள்ளுணர்வே கூடாது என்பதும் சரியில்லை. தீர்ப்பு தனக்கு ஒரு பொறியாகத்தான் தட்டுகிறது என்று அமெரிக்க நீதிபதி ஜோசப் ஹட்சிசன் 1929இல் ஒளிவுமறைவின்றி எழுதினார். அவரை மேற்கோள் காட்டும் பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கையிலுள்ள எல்லாவற்றையும் அலசி, அசைபோட்ட பிறகு வரும் பொறியைத்தான் அவர் சொன்னார். சாட்சி கூண்டில் ஏறியதுமே தட்டுவது வேறு சங்கதி.

குற்ற வழக்கில் இன்னும் கவனம் வேண்டும். 'உண்மையாக இருக்கலாம்' என்பதற்கும் 'உண்மையாகத்தான் இருக்க வேண்டும்' என்பதற்கும் நடுவிலுள்ள தூரத்தைச் சாட்சியத்தால்தான் கடக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம் (சர்வன் சிங் வழக்கு, 1957).

கடைசித் தவறு, முடிவை முதலில் எடுத்துவிட்டு அதற்கேற்பக் காரணம் தேடுவது. பிடிபடுவது கடினம், ஏனென்றால் செய்கிறவருக்கே தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே வழி, தோற்கப்போகிறவர் பக்கத்து வாதத்தை முதலில் முழுசாக எழுதிப் பார்ப்பதுதான். "சாட்சி தரையைப் பார்த்தார், ஆகவே நம்பவில்லை" என்ற வரி அப்போது தாளில் நிற்கிறதா பாருங்கள்.