பழைய சவுண்ட் கார்டு ஊமையாகிவிட்டதா? சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன்

பழைய சவுண்ட் கார்டில் சத்தம் வரவில்லை என்றதும் பலரும் முதலில் கை வைப்பது கெப்பாசிட்டர்களில்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 1990களைச் சேர்ந்த ஒரு 16 பிட் கார்டு, இடது பக்கம் மட்டும் ஒலிக்கவில்லை. 14 கெப்பாசிட்டர்களை மாற்றி முடித்தேன். இடது பக்கம் அப்படியே ஊமையாக இருந்தது, போதாததற்கு வலது பக்கமும் இரையத் தொடங்கிவிட்டது. அவசரத்தில் ஒரு பேட் (காலை ஈயத்தால் ஒட்டும் செம்புப் பரப்பு) பிய்ந்திருந்தது. அப்புறம்தான் பின்பக்க ஜாக்கில் செருகியிருந்த பிளக்கை லேசாக அசைத்துப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு கணம் வந்து போனது. போர்டைத் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஜாக்கின் ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் முடி அளவு வட்ட விரிசல். மூன்று விநாடிச் சூட்டில் தீர்ந்திருக்க வேண்டிய டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத ஈய ஒட்டு.

அன்றிலிருந்து நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: சத்தம் எந்த இடம் வரை வந்து நிற்கிறது?

கார்டு செத்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவது

பழுது என்று கைக்கு வரும் கார்டுகளில் சில, செட்டிங் சரியில்லாமல்தான் ஊமையாக இருக்கும். சவுண்ட் பிளாஸ்டர் வகைக் கார்டில் இரண்டு தனி வழிகள் உண்டு. எஃப்எம் சிப் (இசையைத் தானே உருவாக்கும் சிப்) தரும் இசைக்கு ஐஆர்க்யூவும் (கார்டு பிராசசரைக் கூப்பிடும் வழி) வேண்டாம், டிஎம்ஏவும் (ஒலித் தரவு நினைவகத்திலிருந்து நேராகக் கார்டுக்குப் போகும் வழி) வேண்டாம். பதிவு செய்த பேச்சும் வெடிச் சத்தமும் ஒலிக்க இரண்டும் வேண்டும். அதனால் விளையாட்டில் இசை நன்றாக ஓடுகிறது, பேச்சு மட்டும் இல்லை என்றால் ஐஆர்க்யூ, டிஎம்ஏ எண்களைப் பாருங்கள். ஒரே துண்டுச் சத்தம் திரும்பத் திரும்ப ஓடினால் பெரும்பாலும் ஐஆர்க்யூ எண் பொருந்தவில்லை. 7 என்று வைத்திருந்தால் அது பிரிண்டர் போர்ட்டோடு மோதும் எண். 5க்கு மாற்றிவிட்டு, டாஸ் என்னும் பழைய இயங்குதளத்தின் தொடக்கக் கோப்பில் கார்டின் எண்களைச் சொல்லும் பிளாஸ்டர் வரியிலும் ஐ5 என்று திருத்துங்கள். மதர்போர்டு பிளக் அண்ட் ப்ளே வகையாக (எண்களைத் தானே பங்கிடும் வகை) இருந்தால், அந்த எண்ணை ஐஎஸ்ஏ கார்டுக்கு (பழைய வகை ஸ்லாட்டில் செருகும் கார்டு) என்று பயாஸில் ஒதுக்கி வைப்பது நல்லது.

கார்டே பிளக் அண்ட் ப்ளே வகை என்றால் டாஸில் அதை எழுப்பிவிட ஒரு நிரல் ஓட வேண்டும். அது ஓடாதவரை ஆரோக்கியமான கார்டும் வாய் திறக்காது. மிக்சரில் ஒலி அளவு பூஜ்யத்தில் இருக்கிறதா, ஸ்பீக்கர் அவுட்டா லைன் அவுட்டா என்று சொல்லும் ஜம்பர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள்.

நிரல் கார்டைக் கண்டுபிடித்தது என்பதால் எல்லாம் சரி என்று நினைப்பது

ஆட்லிப் (எஃப்எம் இசை தந்த பழைய கார்டு வகை) இருக்கிறதா என்று தேடும் நிரல், எஃப்எம் சிப்புக்குள் இருக்கும் டைமரை ஓடவிட்டு அது பதில் சொல்கிறதா என்று மட்டுமே பார்க்கும். சத்தம் வெளியே வந்ததா என்று அதற்குத் தெரியாது. இது நமக்கு நல்ல துப்பு. ஒய்எம்3812 என்னும் எஃப்எம் சிப்பிலிருந்து எண்களாக வரும் ஒலி, பக்கத்தில் இருக்கும் 8 கால் ஒய்எம்3014 சிப்பில் மின்னலையாக மாறி, அங்கிருந்து ஆப்-ஆம்ப் (ஒலி அலையைப் பெருக்கும் சிப்) வழியாக வெளியே போகிறது. நிரல் கண்டுபிடிக்கிறது, இசை மட்டும் இல்லை என்றால் பெரிய சிப்பைச் சந்தேகிக்கும் முன் அதற்குப் பிந்தைய பாதையைப் பாருங்கள்.

பாதையைப் பார்க்க ஆஸிலோஸ்கோப் அவசியம் இல்லை. ஆம்ப்ளிஃபையர் உள்ள ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும். அதன் உள்ளீட்டு வயரில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராக வைத்து, கிரவுண்டைக் கார்டின் கிரவுண்டோடு இணைத்து, இசை ஓடும்போதே ஒவ்வொரு காலாகத் தொட்டுக்கொண்டே போங்கள். பக்கத்துக் காலோடு சேர்ந்து தொடாமல் இருக்க முனையை ஊசி போலக் கூராக வையுங்கள். ஒரு காலில் இசை கேட்கிறது, அடுத்ததில் இல்லை என்றால் பழுது அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

மின்சாரத்தை அளக்காமல் ஐசியைக் குறை சொல்வது

பல கார்டுகள் ஒலிப் பகுதிக்கான 5 வோல்ட்டைக் கம்ப்யூட்டரின் 5 வோல்ட்டிலிருந்து எடுப்பதில்லை. அதில் இரைச்சல் அதிகம் என்பதால் 12 வோல்ட்டை வாங்கி, போர்டிலேயே ஒரு ரெகுலேட்டர் வைத்து 5 ஆகக் குறைத்துக்கொள்கின்றன. அந்த ரெகுலேட்டர் போனால் சிப் எல்லாம் உயிரோடு இருந்தும் ஒலி இருக்காது. முதல் அளவீடு அங்கேதான். மாற்றும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள்: 7805க்கும் சின்ன உருவில் வரும் 78எல்05க்கும் கால் வரிசை தலைகீழ். எழுத்துள்ள பக்கத்தை நம்மைப் பார்க்க வைத்தால் 7805இல் இடது கால் உள்ளீடு, 78எல்05இல் இடது கால் வெளியீடு.

புது பவர் சப்ளையில் போட்டுச் சோதிப்பவர்களுக்கு இன்னொன்று. சில பழைய ஐஎஸ்ஏ கார்டுகள் மைனஸ் 5 வோல்ட்டையும் கேட்கும். இன்றைய பவர் சப்ளைகளில் அது கிடையாது. கார்டில் குறையே இருக்காது.

கார்டைச் செருகினால் கம்ப்யூட்டரே கிளம்பவில்லை என்றால், கார்டை வெளியே எடுத்து ஐஎஸ்ஏ விளிம்பில் பி9 தொடர்புக்கும் (12 வோல்ட்) பி10க்கும் (கிரவுண்ட்) நடுவே மின்தடையை அளந்து பாருங்கள். சில ஓம் மட்டுமே காட்டினால் டாண்டலம் கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். 12 வோல்ட் பாதையில் 16 வோல்ட் டாண்டலம் இருந்தால் 25 வோல்ட்டாகப் போட்டுவிடுங்கள்.

மாற்றும் இடத்தில் பலரும் சறுக்குவது துருவத்தில். சாதாரண எலக்ட்ரோலைட்டிக்கில் பட்டை இருக்கும் பக்கம் நெகட்டிவ். டாண்டலத்தில் பட்டை இருக்கும் பக்கம் பாசிட்டிவ். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடும்போது பழக்கத்தில் கை தவறிவிடும், தலைகீழாகப் போட்ட டாண்டலம் தீப்பிடிக்கும். கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள், ஒன்றை மாற்றியதும் சோதித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தகர டப்பா போன்ற சர்ஃபேஸ் மவுன்ட் கெப்பாசிட்டர் கசிந்திருந்தால் அதன் அடியில் பேட் ஏற்கெனவே அரித்துப் பலவீனமாக இருக்கும். மீன் வாடை அடித்தால் கசிவு என்று புரிந்துகொள்ளலாம். இழுக்காமல், இரண்டு அயர்ன்களால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சூடாக்கினால் அது தானாக நழுவி வரும்.

விளிம்புத் தொடர்புகளை உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும்.

இன்னும் ஒன்று, இதில் நல்ல கார்டுகள் பல வீணாய்ப் போயிருக்கின்றன. சவுண்ட் பிளாஸ்டர் 16 கார்டுகளில் டிஎஸ்பி (பதிவுச் சத்தத்தைக் கையாளும் சிப்) பதிப்பு 4.11 முதல் 4.13 வரை உள்ளவற்றில், மிடி (சுரக் குறிப்புகளாக அனுப்பப்படும்) இசையோடு பதிவுச் சத்தமும் சேர்ந்து ஓடும்போது சில சுரங்கள் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அது சிப்புக்குள் எழுதப்பட்ட நிரலின் குறை. எந்தக் கெப்பாசிட்டரை மாற்றினாலும் போகாது. டிஎஸ்பி சிப்பின் மேல் இருக்கும் எண்ணையோ, கண்டறியும் நிரல் காட்டும் பதிப்பையோ முதலில் படித்துவிட்டால், அந்தக் கார்டை அயர்ன் தொடாமல் அப்படியே மூடி வைத்துவிடலாம்.