அடுக்குகளைப் பெருக்குவதும் வகுப்பதும்: என்னைக் கவிழ்த்த கழித்தல் குறி

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் சின்னவளுக்கு டியூஷன் சென்டர். கிரேடு 9 வீட்டுப்பாடத்தில் 2⁵ ÷ 2⁻² என்று ஒன்று வந்தது. நான் பார்த்த மாத்திரத்தில் "2³தாம்மா, 8 என்று எழுது" என்று சொல்லி, மறுநாள் அவள் நோட்டில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி வாங்கிக் கொடுத்துவிட்டேன். "அப்பா, இனிமேல் நானே போட்டுக்கறேன்" என்று வேறு சொல்லிவிட்டாள். அந்த ரோஷத்தில் உட்கார்ந்து தெளிந்துகொண்டதுதான் இது. 2⁵ என்பதில் 2 அடிமானம், 5 அடுக்கு. அதற்கு முந்தின பாடமெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பெருக்கல். அடிமானம் ஒன்றாக இருந்தால் அடுக்குகளைக் கூட்டுங்கள். 2⁵ × 2³ = 2⁸ = 256. சாப்பாட்டு கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள், ஐந்தடுக்கின்மேல் மூன்றடுக்கை வைத்தால் எட்டடுக்கு, ஆனால் வாய் அகலம் ஒன்றாக இருந்தால்தான் உட்காரும். 2⁵ × 3³ உட்காராது; பேசாமல் 32 × 27 = 864 என்று போடுங்கள். அப்புறம், அடிமானங்களையும் சேர்த்துப் பெருக்கி 4⁸ என்று எழுதுகிற பழக்கம் பாதி வகுப்புக்கு இருக்கிறது. அது 65,536, எங்கேயோ போய்விடும்.

வகுத்தால் கழிக்க வேண்டும். 2⁵ ÷ 2³ = 2². மேலே ஐந்து இரண்டு, கீழே மூன்று இரண்டு, மூன்றுக்கு மூன்று அடிபட்டுப்போகும். 2⁵ ÷ 2⁵ வந்தால் 2⁰, அதன் மதிப்பு 1. பூஜ்யம் இல்லை.

சரி, நான் விழுந்த இடத்துக்கு வருவோம். 2², 2¹, 2⁰ என்று இறங்கினால் 4, 2, 1 என்று ஒவ்வொரு படியிலும் பாதியாகிறது. இன்னும் இறங்குங்கள்: 2⁻¹ என்றால் அரை, 2⁻² என்றால் கால். அப்படியென்றால் அந்தக் கணக்கு கேட்பது 32 ÷ ¼. டர்பன்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: பன்னி சௌ என்பது பிரெட்டைக் குடைந்து கறி நிரப்புகிற எங்கள் ஊர்ச் சாப்பாடு, கால் பிரெட்டில் போட்டால் அது கால் பன்னி. 32 முழு பிரெட்டை வாங்கிக் கால் பன்னியாகப் போட்டால் எத்தனை பன்னி வரும்? 128. அதாவது 2⁷. வகுத்தும் எண் பெருத்துவிட்டது, ஏனென்றால் வெட்டிய துண்டு சின்னது. தாளில் அது 5 − (−2) = 7. நான் மனக்கணக்காக 5 − 2 போட்டதுதான் தப்பு. அடைப்புக்குறியைக் கையால் எழுதுங்கள், எத்தனை தேர்ந்தவராக இருந்தாலும், பென்சிலில்.

கால்குலேட்டரைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் எடுங்கள். எனக்குக் கேசியோதான் பிடிக்கும், செல்போன் ஆப் வேண்டவே வேண்டாம்.

பிற்சேர்க்கை: 2⁵ × 2³ போட்டால் 256க்குப் பதில் 1.09 என்று தொடங்கி 10¹² வருகிறதே என்று ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். மெஷின் கெடவில்லை அக்கா. 5 அடித்ததும் வலது அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தி மேலேயிருந்து கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மிச்சம் அடிப்பதெல்லாம் அடுக்குக்குள்ளேயே போய், 5 × 2³, அதாவது 40 ஆகி, அது 2⁴⁰ஐக் கணக்குப்போட்டுக் காட்டுகிறது.