பலம் குறைந்த அணி டெஸ்ட் கிரிக்கெட்டில் எப்போது டொக்கு வைக்க (அடிக்காமல் தடுத்து ஆட) வேண்டும், எப்போது அடிக்க வேண்டும்

பெரிய அணியோடு டெஸ்ட் ஆடப் போகிறவர்கள் 'அஞ்சு நாள் தாக்குப்பிடிச்சா போதும்' என்ற நினைப்போடு இறங்கவே கூடாது. அதுக்காக முதல் பந்திலிருந்து சுத்துங்கள் என்றும் சொல்லவில்லை. யாரிடம் அடங்கிப் போவது, யாரை அடிப்பது என்பதை ஆளைப் பார்த்து, பந்து எவ்வளவு பழசு என்பதைப் பார்த்து முடிவு பண்ண வேண்டும்.

எல்லோரிடமும் டொக்கு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015 டெல்லி டெஸ்ட். இந்தியாவுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கா 143.1 ஓவர் நின்று எடுத்தது 143 ரன். ஆம்லா 244 பந்தில் 25, டிவில்லியர்ஸ் 297 பந்தில் 43. அவ்வளவு பொறுமைக்கும் மிஞ்சியது தோல்விதான். அடி விழாது என்று தெரிந்துவிட்டால் எதிரணி கேப்டன் தைரியமாக மட்டையைச் சுற்றி ஆளை நிறுத்துவார், ஒரு பந்து கொஞ்சம் எகிறினாலே கேட்ச்.

2021 சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியா செய்ததைப் பாருங்கள். இலக்கு 407. ஒரு முனையில் புஜாரா நங்கூரம் போட, மறுமுனையில் ரிஷப் பந்த், சுழற்பந்து வீச்சாளர் லயனை இறங்கி வந்து அடித்து 118 பந்தில் 97 எடுத்தார், ஆள்கள் எல்லைக்கோட்டுக்கு ஓட வேண்டியதாயிற்று. இருவரும் அவுட் ஆனதும், விஹாரிக்குத் தொடையில் காயம், அஸ்வினுக்கு முதுகு வலி, இனி ஜெயிக்க முடியாது என்று தெரிந்தவுடன் விஹாரியும் அஸ்வினும் கியரை மாற்றி 259 பந்து நின்று டிரா பண்ணினார்கள். தாக்குதலும் தற்காப்பும் ஒரே நாளில், ஒரே இன்னிங்ஸில்!

முதல் இன்னிங்ஸில் பொறுமைக்கு வேறு வேலை இருக்கிறது: பவுலர்களைக் களைப்பாக்குவது. 2022 ஜனவரியில் மவுண்ட் மாங்கனூயில் வங்கதேசம், டெஸ்ட் உலக சாம்பியனாக இருந்த நியூசிலாந்தை 176 ஓவருக்கு மேல் பந்து போட வைத்து 458 எடுத்தது. அப்புறம் அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளர் எபாதத் 46 ரன்னுக்கு 6 விக்கெட். 40 ரன்தான் இலக்கு, எட்டு விக்கெட்டில் வெற்றி.

சின்ன அணிகள் அதிகம் கோட்டை விடுவது ஃபீல்டிங்கில்தான் என்பது என் கருத்து. இரண்டு பவுண்டரி போனதும் ஸ்லிப்பை (கீப்பர் பக்கத்தில் கேட்சுக்கு நிற்கிறவரை) எடுத்து எல்லைக்கோட்டுப் பக்கம் டீப் பாயிண்டுக்கு அனுப்புகிறார்கள், அடுத்து மட்டை ஓரத்தில் பட்ட எட்ஜ் அதே காலி இடத்தில் போகிறது. ஜெயிக்க 20 விக்கெட் வேண்டும், ரன்னை அடைத்துக்கொண்டே இருந்தால் அது வராது. 80 ஓவர் முடிந்து புதுப் பந்து கையில் வந்தால் குறைந்தது இரண்டு ஸ்லிப், அவர்களுக்கு அடுத்து ஒரு கல்லி. ரன் போனால் போகட்டும், பத்து ஓவராவது அந்த ஃபீல்டை மாற்றாதீர்கள்.

கடைசி விக்கெட் மட்டும் மிச்சம் இருந்தால் கணக்கே வேறு. 2019 டர்பனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகக் குசல் பெரேரா, கடைசி ஆட்டக்காரர் விஷ்வா ஃபெர்னாண்டோவோடு சேர்ந்து 78 ரன் எடுத்து இலங்கையை ஜெயிக்க வைத்தார். அதில் விஷ்வா எடுத்தது 6. நன்றாக ஆடுகிறவர் ஓவரின் முதல் நாலு பந்தில் பவுண்டரிக்கு மட்டும் போகட்டும், சுலபமான சிங்கிள் கிடைத்தாலும் ஓட வேண்டாம், அஞ்சாவது இல்லை ஆறாவது பந்தில் ஒன்று எடுத்து முனை மாறட்டும்.